90 சதவீதம் பேர் ஆதரவு, ஆனாலும் சட்டம் இல்லை: கணிப்பு தவறா, கட்சிகள் தவறா?

மீனா_கேரி

வணக்கம். வட கரோலினாவில் கேரியில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு, இந்த வருடம் ஏபி கவர்மென்ட் (அமெரிக்க அரசியல் பாடம்) எடுத்திருக்கிறாள். கருத்துக்கணிப்பையும் கட்சிகளையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். அவள் எடுத்துக்கொண்ட விஷயம் துப்பாக்கி. வாங்குகிற எல்லாருக்கும் பேக்ரவுண்ட் செக் (குற்றப் பின்னணி உண்டா என்ற சோதனை) வேண்டும் என்று கணிப்புக்குக் கணிப்பு 85, 90 சதவீதம் பேர் சொல்கிறார்கள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் அத்தனை குழந்தைகள் செத்த பிறகும், 2013 ஏப்ரலில் அதற்கான முயற்சி செனட்டில் விழுந்துவிட்டது. "அம்மா, பத்தில் ஒன்பது பேர் கேட்டதைத் தராதவர்கள் எப்படி மறுபடி ஜெயிக்கிறார்கள்?" என்று கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்காரர், "அந்த 90-ஏ பொய். ஆயிரம் பேரைக் கேட்டு 33 கோடிப் பேருக்குக் கதை சொல்கிறான்" என்று முடித்துவிட்டார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை, நானும்தான்.

கூடவே ஒரு சின்னச் சந்தேகம். எனக்குக் குடியுரிமை கிடைத்தது சமீபத்தில்தான். வாக்காளர் பதிவுப் படிவத்தில் எந்தக் கட்சி என்று கேட்டிருந்தார்கள். வம்பு எதற்கு என்று "கட்சி சாராதவர்" என்று போட்டுவிட்டேன். அதனால் ஏதாவது நஷ்டமா?

ராலே_புள்ளி

மீனாக்கா, முதலில் அண்ணனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை கூட்டியோ குறைத்தோ 3 சதவீதம். நாட்டில் 33 கோடிப் பேரா 3 கோடிப் பேரா என்பதால் அந்தக் கணக்கு மாறாது. ஒரு சோறு பதம்தான், ஆனால் பானையைக் கிளறிவிட்டு எடுத்த சோறாக இருக்க வேண்டும். 1936 அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை கிளறாமல் எடுத்தது. ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 23 லட்சத்துக்கும் மேல் பதில் வந்து, "குடியரசுக் கட்சியின் லாண்டன்தான் ஜெயிப்பார்" என்று போட்டார்கள். ரூஸ்வெல்ட்டுக்கு 61 சதவீதம் விழுந்தது. லாண்டனுக்குக் கிடைத்தவை மேய்ன், வெர்மான்ட் என்று இரண்டே மாநிலங்கள். சீட்டு போனது பெரும்பாலும் டெலிபோன், கார் வைத்திருந்தவர்களுக்கு. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில் அவை யார் வீட்டில் இருந்திருக்கும்? தவிர, சிரமப்பட்டுத் திருப்பி அனுப்பியதே ரூஸ்வெல்ட் மேல் கடுப்பில் இருந்தவர்கள்தான் அதிகம். ஜார்ஜ் கேலப் என்ற கணிப்பாளர் அதைவிடப் பல மடங்கு குறைந்த ஆட்களைக் கேட்டு, ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். சதவீதத்தைக் குறைவாகத்தான் போட்டார், அது வேறு.

இன்றைக்குச் சிக்கல், போனை எடுப்பதே யார் என்பது. பியூ நிறுவனத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997-இல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள், 2018-இல் 6 சதவீதம். கிடைத்தவர்களை வைத்துக்கொண்டு வயது, இனம், படிப்பு என்று எடை போட்டுச் சரிக்கட்டுகிறார்கள். அந்தச் சரிக்கட்டலே எவ்வளவு ஆடும் என்பதற்கு மகளுக்கு ஓர் உதாரணம்: 2016-இல் நியூயார்க் டைம்ஸ், புளோரிடாவில் 867 பேரிடம் எடுத்த ஒரே தரவை நான்கு வெளிக் குழுக்களிடம் கொடுத்தது. ஒருவர் கிளின்டன் 4 புள்ளி முன்னிலை என்றார், இன்னொருவர் டிரம்ப் 1 புள்ளி முன்னிலை என்றார். ஒரே பதில்கள், 5 புள்ளி வித்தியாசம்.

ஆனால் 5 புள்ளி ஆடினாலும் 90 என்பது 85 ஆகும். 45 ஆகாது. ஆக கணிப்பு தவறு என்று தப்பிக்க முடியாது. மிச்சத்தைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சும்மா_வந்தேன்

இதில் ஆராய்ச்சி எதற்கு? துப்பாக்கி ஆதரவுச் சங்கமான என்ஆர்ஏ காசு. செனட்டர் பாக்கெட். முடிந்தது கதை.

பழைய_டயலர்

காசு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் என்றால் கணக்கு உதைக்கிறது. வருகிறேன்.

மாஸ்டர்ஸ் படிக்கும்போது கைச்செலவுக்காக ஒரு கருத்துக்கணிப்புக் கூடத்தில் போன் போடும் வேலை பார்த்தேன். ஹெட்செட், திரையில் வரும் கேள்வி, ஒரு எழுத்து மாற்றாமல் படிக்க வேண்டும். செல்போன் எண்களைச் சட்டப்படி மெஷின் சுழற்றக் கூடாது என்று விரலால் அழுத்தச் சொல்வார்கள். என் உச்சரிப்பைக் கேட்டதும் கிரெடிட் கார்டு விற்கிறேன் என்று நினைத்து வைத்துவிடுபவர்கள் தனிக் கணக்கு. இதையெல்லாம் தாண்டி நிற்பவரிடம் பேக்ரவுண்ட் செக் கேள்வியைப் படித்தால், வாக்கியம் முடியும் முன்னே "ஆதரிக்கிறேன்" என்று வரும். சிலர் "அது ஏற்கெனவே சட்டம்தானே?" என்று திருப்பிக் கேட்பார்கள். பாதிதான் சட்டம். உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் 1993-இல் வந்த பிரேடி சட்டப்படி சோதனை உண்டு, தனியாள் தனியாளுக்கு விற்றால் மத்திய சட்டத்தில் கிடையாது.

ஆனால் அதே ஆளிடம் ரெண்டு கேள்வி தள்ளி, "உங்கள் ஓட்டைத் தீர்மானிக்கும் விஷயம் எது?" என்று கேட்டால் வேலை, விலைவாசி, மருத்துவச் செலவு. துப்பாக்கி என்று அபூர்வமாகத்தான் வரும். அப்படிச் சொன்னவர்களில் என் காதில் விழுந்தவரை பெரும்பாலோர், துப்பாக்கியைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்தவர்கள். அவர்கள் கேள்வி முடிந்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பார்கள். மேற்பார்வையாளர் கண்ணாடி வழியே கடிகாரத்தைக் காட்டுவார்.

கணிப்பில் இந்த இரண்டு வகை ஆட்களும் ஆளுக்கு ஒன்று என்றுதான் ஏறுகிறார்கள். செனட்டர் அலுவலகத்துக்குப் போன் போடுவதும், உட்கட்சித் தேர்தலுக்கு லீவு போட்டு வந்து நிற்பதும் இரண்டாவது வகை.

90 என்ற எண் வாக்குச் சீட்டுக்கு வரும்போது என்ன ஆகிறது என்று பார்க்கலாம். செனட்டை விடுங்கள், இதே பேக்ரவுண்ட் செக் சட்டத்துக்குச் சில மாநிலங்களில் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் 2014-இல் 59 சதவீதம் வாங்கி நிறைவேறியது. நெவாடாவில் 2016-இல் பத்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தப்பித்தது. அதே நாளில் மேய்னில் 48 சதவீதம் வாங்கித் தோற்றே போனது. சும்மா_வந்தேன், நெவாடாவிலும் மேய்னிலும் அதிகக் காசை இறக்கியது ஆதரவுத் தரப்புதான், என்ஆர்ஏ இல்லை. போனில் கேட்பது ஒரு எண்ணத்தை. சீட்டில் இருப்பது ஒரு சட்டம்: பக்கத்து வீட்டுக்காரனுக்கு வேட்டைக்கு இரவல் கொடுக்கலாமா, எந்த நாட்டாமை வந்து கேட்பான் என்ற விவரங்களோடு வருகிறது. அதற்குள் கட்சியும் சாயம் பூசிவிடும். "எதிர்க்கட்சி கொண்டுவந்தது" என்று தெரிந்த நிமிடத்தில் ஆதரவு கரையும். அதனால் 90 பொய் இல்லை. அது மெல்லிசான 90.

இப்போது 2013. செனட்டர்கள் மான்ச்சின், டூமி இருவரும் கொண்டுவந்த பேக்ரவுண்ட் செக் திருத்தத்துக்கு 54 ஓட்டு. பாதிக்கு மேல்தான். ஆனால் பிலிபஸ்டரை, அதாவது முடிவெடுக்க விடாமல் இழுத்தடிக்கும் முறையை, தாண்ட 60 வேண்டும். எதிர்த்தவர்களில் நான்கு ஜனநாயகக் கட்சியினரும் உண்டு: அலாஸ்காவின் பெகிச், ஆர்கன்சாவின் பிரையர், மொன்டானாவின் பாக்கஸ், வட டகோட்டாவின் ஹைட்கேம்ப். ஒவ்வொரு மாநிலத்துக்கும் செனட்டில் இரண்டு இடம், கலிபோர்னியாவுக்கும் இரண்டு, வட டகோட்டாவுக்கும் இரண்டு. நாடு தழுவிய கணிப்பில் கலிபோர்னியாக்காரர்கள்தான் குவிந்திருப்பார்கள், செனட்டில் அந்தக் குவியலுக்கு மதிப்பில்லை. (எதிர்த்து ஓட்டுப் போட்டும் பெகிச்சும் பிரையரும் 2014-இல் தோற்றார்கள். யாரைத் திருப்திப்படுத்தினார்களோ!)

குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு வேறு பயம். அது நவம்பர் தேர்தல் இல்லை, பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல். 2014-இல் எரிக் கேன்டர் என்ன ஆனார் என்று மகளைப் படிக்கச் சொல்லுங்கள். பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைத் தலைவர், அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர். வர்ஜீனியாவில் சொந்தக் கட்சிப் பிரைமரியில் டேவ் பிராட் என்ற கல்லூரிப் பேராசிரியரிடம் 11 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். கேன்டர் செலவழித்தது 50 லட்சம் டாலருக்கு மேல், பிராட் சுமார் 2 லட்சம். கேன்டர் தரப்பு காசு கொடுத்து எடுத்த கணிப்பு அவருக்கு 34 புள்ளி முன்னிலை காட்டியது! யார் வந்து ஓட்டுப் போடுவார்கள் என்ற ஊகம் தப்பினால் கணிப்பு இப்படித்தான் கவிழும். அங்கே பிரச்சினை துப்பாக்கி இல்லை, குடியேற்றம். ஆனால் அன்றைக்கு மொத்தம் விழுந்தது சுமார் 65,000 ஓட்டு. ஒரு தொகுதியில் ஏழு லட்சத்துக்கும் மேல் மக்கள் இருப்பார்கள். இதைப் பார்த்த மற்ற உறுப்பினர்கள் 90 சதவீதத்தைப் பார்ப்பார்களா, அந்த 65,000-ஐப் பார்ப்பார்களா?

மகளின் கேள்விக்கு என் பதில் இதுதான்: அவர்கள் பத்தில் ஒன்பது பேரிடம் ஜெயிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சிக்கு உறுதியானவை. பிரைமரியில் ஜெயித்தால் நவம்பர் சடங்கு.

மீனா_கேரி

பழைய_டயலர், ரொம்ப நன்றி. இதைப் படித்துவிட்டு அவள் கட்டுரைத் தலைப்பையே மாற்றிவிட்டாள். வீட்டுக்காரர் இன்னும் "மெல்லிசான 90" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார், தான் சொன்னதுதான் சரி என்கிற மாதிரி. சரி, அப்படியென்றால் கட்சி சாராதவர் என்று போட்ட நான் பிரைமரியில் ஓட்டே போட முடியாதா?

பழைய_டயலர்

போடலாம். வட கரோலினாவில் கட்சி சாராதவர்கள் எந்தக் கட்சியின் பிரைமரிச் சீட்டு வேண்டும் என்று அங்கேயே கேட்டு வாங்கலாம், ஒன்று மட்டும். கட்சியில் பதிந்தவர்களுக்குத்தான் அவரவர் கட்சிச் சீட்டு. இதனாலேயோ என்னவோ, 2022 முதல் இந்த மாநிலத்தில் மிகப் பெரிய கூட்டமே உங்கள் கூட்டம்தான். எல்லா மாநிலமும் இப்படி இல்லை. புளோரிடாவில் இருந்திருந்தால் உங்களுக்குக் கட்சிப் பிரைமரியில் ஓட்டே கிடையாது. டெக்சாஸில் கட்சியைக் கேட்கவே மாட்டார்கள்.

மகளுக்கு உள்ளூர் உதாரணமும் இருக்கிறது. உங்கள் செனட்டர் தாம் டில்லிஸ், 2022-இல் யுவால்டி பள்ளிப் படுகொலைக்குப் பிறகு வந்த துப்பாக்கிச் சட்டத்தைப் பேசி முடித்தவர்களில் ஒருவர். 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சோதனையை இறுக்கும் சட்டம், செனட்டில் 65-33. அடுத்த வருடம் மாநிலக் குடியரசுக் கட்சி மாநாடு கூட்டி அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது, துப்பாக்கியும் ஒரு காரணம். 2025 ஜூனில், வரிச் சட்டம் ஒன்றில் டிரம்ப்போடு மோதி, பிரைமரியில் எதிராக ஆள் நிறுத்துவேன் என்று அவர் மிரட்டியதும், மறுபடி போட்டியிடவில்லை என்று டில்லிஸ் அறிவித்துவிட்டார்.

இன்னொன்று. மாநிலத் தேர்தல் வாரியத்தின் தளத்தில் வாக்காளர் பட்டியல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பெயர், முகவரி, கட்சி, எந்தெந்தத் தேர்தலில் வந்தார், பிரைமரியில் எந்தக் கட்சிச் சீட்டு எடுத்தார் எல்லாம் இருக்கும். யாருக்குப் போட்டார் என்பது மட்டும் இருக்காது. கட்சிகளும் பல கணிப்பு நிறுவனங்களும் அழைக்கும் எண்ணைத் தேர்ந்தெடுப்பது இப்படிப்பட்ட பட்டியல்களில் இருந்துதான், அதனால் நீங்கள் ஒருமுறை பிரைமரிக்குப் போய்விட்டால் போன் தொல்லை கூடும், இப்போதே சொல்லிவிட்டேன். பிரைமரிக்கு வந்தவர்கள் எத்தனை பேர், நவம்பருக்கு வந்தவர்கள் எத்தனை பேர், வயது வாரியாக என்ன வித்தியாசம் என்று மகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். முழு மாநிலக் கோப்பை எடுக்க வேண்டாம், லேப்டாப் திணறும். உங்கள் வேக் கவுண்டி மட்டும் போதும்.