2002 டொயோட்டா ஹைலக்ஸ், 3.0 கேஇசட்-டிஇ டீசல் எஞ்சின்: மேட்டில் சூடாகிறது. சிலிண்டர் ஹெட் மட்டும் மாற்றினால் போதுமா?

வெருலம் காய்கறிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். என் பக்கி (பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி) 2002 ஹைலக்ஸ், 3.0 டர்போ டீசல், நாலு லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. விடியுமுன் டர்பன் கிளேர்வுட் மொத்தச் சந்தையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி, பைன்டவுன் வழியாக ஹில்க்ரெஸ்ட் போகிற வண்டி. சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. வழியிலுள்ள ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் பாதி ஏறினால் சூட்டு முள் எழும்புகிறது, அதே நேரம் ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு இல்லை. ஒரு கேரேஜில் பார்த்த மாத்திரத்தில் "ஹெட் போச்சு, ஜப்பான் பழைய எஞ்சின் போட்டுவிடலாம்" என்று கூலியோடு 55,000 ரேண்ட் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பீனிக்ஸ் டீசல்:
தம்பி, சோதிக்காமல் எஞ்சின் மாற்றச் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருமுறை திறந்து மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். ஹீட்டர் குளிர்வதும் அதனால்தான். வாயு அங்கே போய்த் தங்கித் தண்ணீரைத் தடுக்கும். நீலத் திரவம் வைத்துச் சோதிக்கும் கருவி நல்ல கேரேஜ்களில் இருக்கும். நிறம் மாறினால் சந்தேகமே வேண்டாம்.

இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் இரும்பு, அதை மேலிருந்து மூடும் ஹெட் அலுமினியம். அதிகமாகச் சூடானால் வால்வுகளுக்கு நடுவே ஹெட் விரிசல் விடும். இது ஊரறிந்த வியாதி. பழைய எஞ்சின் வாங்கினாலும் அதே ஹெட்தான் வரும், அதற்குள் எத்தனை முறை சூடானதோ யார் கண்டது?

மாரிட்ஸ்பர்க் டிரெய்லர்:
எனக்கும் இதே கதைதான். வெல்டிங் வைத்தால் மலிவு என்றார் ஒருவர், வைத்தேன். அடுத்த கோடையில் டவுன் ஹில் என்ற மேட்டில் ஏறும்போது ஹெட் அதே இடத்தில் திரும்பவும் விரிசல் விட்டது. பிறகு ஸ்பெயினில் செய்கிற ஏஎம்சி ஹெட் போட்டேன். வால்வு, கேம் எல்லாம் பூட்டிய ஹெட் சுமார் 16,000 ரேண்ட். கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் தகடு), புது போல்ட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கூலி எல்லாம் சேர்த்து 30,000க்குக் கொஞ்சம் மேலே. வண்டி இன்றும் ஓடுகிறது.

டொங்காட் இளசு:
இருபது வருஷத்துக்கு மேல் பழைய வண்டிக்கு 30,000 ஆ? விற்றுவிட்டு 2005க்கு அப்புறம் வந்த டி-4டி டீசல் எஞ்சின் ஹைலக்ஸ் வாங்குங்க அண்ணே.

பீனிக்ஸ் டீசல்:
வாங்கலாம். ஆனால் அதில் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வாஷர் கசிந்தால் கரி ஆயிலில் இறங்கி, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். ஆயில் விளக்கு எரியும்போது எஞ்சின் பாதி போயிருக்கும். நாலு இன்ஜெக்டரும் மாற்றும் செலவில் இவருடைய ஹெட் வேலையில் பாதி முடிந்துவிடும். வாங்குவதானால் முதலில் எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் சம்ப்பை (ஆயில் தொட்டியை) கழற்றிப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் கணக்கு அக்கா:
விலையை மட்டும் பார்க்காதீர்கள். எஞ்சின் மாற்றினால் எஞ்சின் எண் மாறும். போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிப் பதிவுச் சான்றில் புது எண்ணை ஏற்ற வேண்டும், அதற்கு விற்றவரின் சரியான ரசீது கையில் இருக்க வேண்டும். விற்றாலும் வண்டி பெயர் மாற ரோட்வொர்த்தி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று) கேட்பார்கள். 55,000இல் இதெல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

வெருலம் காய்கறிக்காரன்:
நன்றி அக்கா, கேட்டேன், சேரவில்லை. ஹோஸ் சொன்னபடியே இறுகுகிறது, திரவமும் நிறம் மாறிவிட்டது. ஹெட் மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். பழைய ரேடியேட்டரைக் கழுவிப் போட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். சரியா?

பீனிக்ஸ் டீசல்:
போதாது. ஹெட் ஏன் விரிசல் விட்டது என்பதற்கு மருந்து வேண்டாமா? உள்ளே சுண்ணாம்பு பிடித்த ரேடியேட்டரைக் கழுவினாலும் பாதி குழாய்கள் அடைந்தேதான் இருக்கும். புதிது போடுங்கள், புது ஹெட்டோடு பார்த்தால் அது சிறிய தொகை. அடுத்தது ஃபேன் கப்ளிங், அதாவது ஃபேனை எஞ்சினோடு இணைக்கும் பாகம். எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் உள்ளே சிலிக்கான் ஆயில் செத்துவிட்டது. பாரத்தோடு மேடு ஏறும் வண்டிக்கு இதுதான் எமன்.

கேஸ்கெட் விஷயத்தில் மெக்கானிக்கின் பக்கத்திலேயே நில்லுங்கள். இந்த எஞ்சினுக்கு அது மூன்று கனங்களில் வரும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீட்டி நிற்கிறது என்று அளந்துதான் எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் இருந்ததை எடுத்து மாட்டினேன் என்றால் விடாதீர்கள்.

மாரிட்ஸ்பர்க் டிரெய்லர்:
தண்ணீர் குறைந்தால் கத்துகிற அலாரம் ஒன்றும் வைத்துவிடுங்கள். தண்ணீர் போய்விட்டால் உணரி காற்றில் நிற்கும், முள் பொய் சொல்லும். அப்புறம் ஃபீல்ட்ஸ் ஹில்லில் டாப் கியரில் முக்காதீர்கள். இறக்கிப் போட்டால் ஃபேனும் வாட்டர் பம்ப்பும் வேகமாகச் சுற்றும்.