பழைய கேசட், வால்வு ஆம்ப்ளிஃபயர், ஒத்திகை இடம்: உதவி தேவை

மதுரை நண்பர்களுக்கு வணக்கம். 1980களில் இவ்வூர்த் திருவிழா மேடைகளில் வாசித்த ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் கிட்டார் கலைஞன். ராக் இசையின் மீது கொண்ட பித்தினால், கச்சேரி இல்லாத இரவுகளில் நாங்கள் ஐவர் தனியே கூடிச் சொந்தமாக மெட்டமைத்து வாசித்து வந்தோம். வேலையும் குடும்பமும் பிரித்த பின், திருநகர், மேலூர், உசிலம்பட்டி என வெவ்வேறு திசைகளில் வாழும் நால்வர் இப்போது மீண்டும் இணைந்திருக்கிறோம். எங்கள் பாடகர் காலமாகிவிட்டார்.

அவர் குரல் பதிவான ஒரே கேசட் எங்களிடம் இருக்கிறது. நாடா அறுந்துவிடுமோ என்ற அச்சத்தில் அதை ஓடவிடாமல் வைத்திருக்கிறோம். பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்து, அதன் கோணம் சரிபார்த்து, கணினிக்கு மாற்றித் தரும் அனுபவசாலி எவரையேனும் அறிவீர்களா? எங்கள் பாடகர் இரண்டு கட்டைச் சுருதியில் பாடிய பாடல்களை, எங்கள் வயதுக்கேற்ப ஒரு கட்டைக்கு இறக்கிப் பாட விரும்புகிறோம்.

எங்கள் வால்வு ஆம்ப்ளிஃபயர் (வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஒலிபெருக்கி) கடுமையாக இரைகிறது. மின்னேற்றத்தைச் சேமிக்கும் கண்டன்சர்கள் பழுதாகியிருக்கலாம்; மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் அவற்றில் தங்கக்கூடும் என்பதால், நாங்களே திறக்கத் துணியவில்லை. பழுதுநீக்குபவர் மதுரையில் இருந்தால் தெரிவியுங்கள்.

ஞாயிறு பிற்பகல்களில் ஒத்திகைக்கு ஓர் அறையும் வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவருக்கு முழங்கால் வலி என்பதால் தரைத்தளமாக இருத்தல் அவசியம். உரிய வாடகை தருவோம்.