ஆலமரத்தில் கண்டது டூக்கன் இல்லை

போன ஆடி மாதம் கனடாவில் இருந்து அக்காவின் குடும்பம் வந்திருந்தது. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்துவிட்டுத் திரும்பும்போது றோட்டோரத்து ஆலமரம் முழுக்கப் பழுத்திருந்தது. "மாமா, டூக்கன்!" என்று மருமகன் கத்தினான். பார்த்தால், கறுப்பும் வெள்ளையுமாக, பெரிய மஞ்சள் சொண்டோடு இரண்டு பறவைகள். மேல் கொப்பில் பச்சைக்கிளிக் கூட்டம்.

அது இருவாய்க்குருவி என்று சொன்னேன். சொண்டுக்கு மேலே இன்னொரு சொண்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். டூக்கனுக்கு அது கிடையாது. மெக்சிக்கோவில் இருந்து அர்ஜென்டினா வரைக்குமான காடுகள்தான் டூக்கனின் ஊர். அவன் விடவில்லை. "அப்ப டூக்கன் கிளியின்ட சொந்தமா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காக ஒரு மணித்தியாலம் அங்கேயே நின்றோம்.

கிளி தின்பதைக் கிட்ட நின்று பார்த்தது எனக்கும் அன்றுதான் முதல் தரம். ஒரு காலால் கொப்பைப் பிடித்தபடி, மற்றக் காலால் பழத்தைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனது. தடித்த நாக்கால் பழத்தை உருட்டி, வளைந்த சொண்டால் கொறித்து, பாதியைக் கீழே போட்டது. கிளியின் மேல்சொண்டு மண்டையோடு ஒட்டிக் கிடப்பதில்லை, தனியாக அசையும். கொப்பு மாறும்போது அந்தச் சொண்டால்தான் முதலில் எட்டிப் பிடித்தது.

இருவாய்க்குருவியோ சொண்டு நுனியால் ஒரு பழத்தைப் பிடுங்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மேலே எறிந்து விழுங்கியது. டூக்கனும் இப்படித்தான் தின்னும். அதன் நாக்கு இறகு மாதிரி மெல்லியது, ஓரமெல்லாம் கீறல் கீறலாக இருக்கும். அதை வைத்துப் பழத்தை உருட்ட முடியாது.

ஆனால் காலைப் பார்த்தால் கதை மாறும். கிளிக்கும் டூக்கனுக்கும் முன்னுக்கு இரண்டு விரல், பின்னுக்கு இரண்டு விரல். இருவாய்க்குருவிக்கு முன்னுக்கு மூன்று. இருந்தாலும் மூன்றும் வேறு வேறு குலம். டூக்கன் மரங்கொத்தியின் பக்கத்துச் சொந்தம்.

*

மூதூரில் இருந்து:

அண்ணை, டூக்கனின் சொந்தம் நம் வளவிலேயே இருக்கிறது. குக்குறுவான்! "குட்ரூ, குட்ரூ" என்று பகல் முழுக்கக் கூப்பிடும். பச்சை நிறம் என்பதால் எங்கள் பக்கத்தில் பலர் அதைக் கிளி என்றே நினைக்கிறார்கள்.

ஒருநாள் காலை எங்கள் யன்னல் கண்ணாடியில் ஒன்று மோதி விழுந்தது. கையில் எடுத்தேன். மண்ணிறத் தலை, கண்ணைச் சுற்றி இறகே இல்லாத செம்மஞ்சள் தோல், தடித்த சொண்டின் அடியில் பூனை மீசை மாதிரி முடிகள். நீங்கள் சொன்ன அதே இரண்டுக்கு இரண்டு விரல்களால் என் சுட்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியின் பலம் இன்னும் நினைவில் இருக்கிறது. பத்து நிமிடம் கண்ணை மூடி மூடித் திறந்துவிட்டு கொய்யா மரத்துக்குப் பறந்துபோனது.

*

சிங்கப்பூரில் இருந்து, சொந்த ஊர் திருகோணமலை:

நான் உண்மையான டூக்கனைப் பார்த்திருக்கிறேன். ஜூரோங் பறவைப் பூங்கா 2023இல் மூடப்படுவதற்கு முன்பு, பிள்ளைகளோடு போன நேரம். டூக்கன்களில் பெரியதான டோக்கோ இனம். சொண்டு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர், உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிதை எப்படித் தூக்குகிறது என்று நினைத்தேன். உள்ளே எலும்பு நுரை மாதிரி, பெரும்பாலும் காற்று. எடையில் இருபதில் ஒரு பங்குதான் வரும். வெயிலில் அந்தச் சொண்டுக்கு இரத்தத்தைக் கூட்டி உடம்புச் சூட்டை வெளியே விடும் என்பதை 2009இல் ஆய்வாளர்கள் சூட்டுக் கமெராவில் பார்த்துச் சொன்னார்கள். கிளி மாதிரிப் பேசாது. என் காதுக்குத் தவளை கத்துவது போலத்தான் இருந்தது.

*

முதலில் எழுதியவன்:

நன்றி. ஒன்றை விட்டுவிட்டேன். கிளி, குக்குறுவான், இருவாய்க்குருவி, டூக்கன், நான்குமே மரப்பொந்தில்தான் முட்டையிடும். இருவாய்க்குருவிப் பெண் உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். கீற்று மாதிரி ஓர் இடைவெளியால் ஆண் பழம் கொடுக்கும். எங்கள் ஒழுங்கையில் நின்ற பட்ட மரம் ஒன்றை, மின்கம்பியில் விழும் என்று சொல்லிப் போன வருடம் தறித்தார்கள். அதன் பொந்துகளில் கிளிகள் இருந்தன. மூன்று நாள் பின்னேரம் அந்த இடத்துக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின. அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

கந்தளாய், தம்பலகாமம் பக்கம் அடைத்த பொந்தைக் கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டாம், கண்டதை மட்டும் எழுதுங்கள். மருமகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.