மதம் இல்லாதவரின் மனசாட்சிக்கு அரசு எதைச் சான்றாகக் கேட்கிறது?

வேம்படி:

வணக்கம் நண்பர்களே. கட்டாய ராணுவச் சேவை பற்றி ஒரு சந்தேகம். "உயிரைக் கொல்வதை என் மதம் தடுக்கிறது" என்பவருக்குப் பல நாடுகள் விலக்கு தருகின்றன. கடவுளையே நம்பாத ஒருவர் அதே உறுதியோடு "கொல்ல மாட்டேன்" என்று நின்றால் சட்டம் என்ன செய்யும்?

இது ஏட்டுக் கேள்வி இல்லை. தென்கொரியாவின் 2015 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 56.1 சதவீதம் பேர் தங்களுக்கு மதம் இல்லை என்று பதிந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் இரண்டின் உறுப்பினர்களையும் கூட்டினாலும் 2022-இல் நாட்டின் பாதியைத் தொடவில்லை. பாதிரியாரின் கடிதம் ஒரு காலத்தில் சான்றாக இருந்தது. அது இல்லாதவரிடம் அதிகாரி எதைக் கேட்பார்? விண்ணப்பம் எங்கே தோற்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

படிக்கட்டு:

இந்தக் கேள்வி படிப்படியாக எப்படி மாறியது என்று பார்க்க அமெரிக்கா நல்ல இடம். 1917 சட்டத்தில் விலக்கு பெற, போரைத் தடைசெய்யும் கொள்கையுள்ள, அங்கீகாரம் பெற்ற ஒரு சமயக் குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும். குவேக்கர், மென்னோனைட் போன்றவர்களுக்கு அது போதும். 1940-இல் உறுப்பினர் நிபந்தனை போய், "சமயப் பயிற்சியும் நம்பிக்கையும்" என்று ஆனது. 1948-இல் மறுபடி இறுக்கினார்கள்: அந்த நம்பிக்கை ஒரு "பரம்பொருளோடு" தொடர்புடையதாக இருக்க வேண்டும், அரசியல், சமூக, தத்துவக் கருத்துகளும் வெறும் தனிப்பட்ட ஒழுக்க நெறியும் கணக்கில் வராது.

டேனியல் சீகர் என்பவர் படிவத்தில் பரம்பொருள் பற்றிய கேள்விக்கு ஆம், இல்லை இரண்டையும் குறிக்காமல் விட்டார். "சமய" என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டார். பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஸ்பினோசா பெயர்களைச் சொல்லித் தன் அறநம்பிக்கையை விளக்கினார். 1965-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கடவுள் நம்பிக்கை பக்தரின் வாழ்வில் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதே இடத்தில் இந்த நம்பிக்கை இவர் வாழ்வில் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல் என்றது. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பரம்பொருள் வாசகத்தை நீக்கியது. ஆனால் வெறும் "தனிப்பட்ட ஒழுக்க நெறி" கணக்கில் வராது என்ற வாசகத்தை விடவில்லை.

எலியட் வெல்ஷ் இன்னும் ஒரு படி மேலே போனார். படிவத்தில் சமயம் என்று வந்த சொற்களைப் பேனாவால் அடித்தார். படையில் சேர மறுத்ததற்கு மூன்று ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. 1970-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. நீதிபதி பிளாக்கும் மூவரும் இப்படிச் சொன்னார்கள்: விண்ணப்பதாரரே மதம் இல்லை என்றாலும், ஆழமான அறநம்பிக்கை அவரைக் கட்டிப்போடுமானால் சட்டத்தின் கண்ணில் அது சமயமே; அரசுக் கொள்கை பற்றிய கணக்கு, நடைமுறை வசதி, காரியச் சாதகம் ஆகியவற்றால் மறுப்பவர்தான் வெளியே.

ஐந்தாவது ஓட்டைப் போட்டவர் நீதிபதி ஹார்லன். சட்டம் கடவுள் நம்பிக்கை உள்ளவரைத்தான் சொல்கிறது, அதை வளைக்க முடியாது. ஆனால் நம்பாதவரை ஒதுக்குவதாலேயே அது அரசமைப்புக்கு முரண் என்றார். என் பார்வையில் இதுதான் நேரான வாதம். "மதமே இல்லை" என்று எழுதிக் கொடுத்தவரை மதத்தவராக்கி விலக்கு தருவது அவர் சொன்னதைக் கேட்காமல் விடுவது.

கொன்றை:

ஜெர்மனியில் அந்தச் சிக்கல் தொடக்கத்திலேயே இல்லை. நாட்டின் அரசமைப்பான 1949 அடிப்படைச் சட்டத்தின் பிரிவு 4(3): ஆயுதம் ஏந்தும் போர்ச்சேவைக்கு யாரையும் அவர் மனசாட்சிக்கு எதிராகக் கட்டாயப்படுத்தக் கூடாது. மதம் என்ற சொல்லே அந்த வரியில் வராது. 1960-இல் அரசமைப்பு நீதிமன்றம் மனசாட்சி முடிவுக்கு விளக்கம் தந்தது: நன்மை தீமை என்ற அளவில் எடுக்கப்பட்ட தீவிரமான அறமுடிவு, அதை மீறினால் கடும் மன வேதனைக்கு ஆளாகாமல் இருக்க முடியாத அளவுக்கு அது அவரைக் கட்ட வேண்டும்.

ஆனால் சட்டத்தில் கதவு அகலமாக இருந்தாலும் வாசலில் ஆள் நின்றார். 1983 வரை பெரும்பாலோர் குழுவின் முன் நேரில் விசாரிக்கப்பட்டார்கள். "பூங்காவில் உன் காதலியைத் தாக்குகிறார்கள், கையில் துப்பாக்கி இருக்கிறது, என்ன செய்வாய்?" என்ற கேள்வி பெயர்பெற்றது. சுடுவேன் என்றால் கொள்கை இல்லை. சுடமாட்டேன் என்றால் நம்பமாட்டார்கள். தற்காப்பும் போரும் வேறு என்று நிதானமாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் தப்பினார். பேச்சுப் பழக்கம் இல்லாத தொழிலாளி வீட்டுப் பையன் மாட்டிக்கொண்டான். இது மனசாட்சியைச் சோதித்ததா, வாய்த்திறமையைச் சோதித்ததா?

1984 முதல் பெரும்பாலும் எழுத்தில்தான். இன்றும் மூன்று உறுப்புகள்: பிரிவு 4(3)-ஐக் குறிப்பிட்டு எழுதும் விண்ணப்பம், காலவரிசையில் வாழ்க்கைக் குறிப்பு, காரணங்களை விரிவாகச் சொல்லும் சொந்த விளக்கம். இவை ராணுவத்தின் வேலைவாய்ப்பு மையத்துக்குப் போகும். முடிவெடுப்பது கொலோனில் உள்ள குடும்ப, குடிமைச் சமூகப் பணிகளுக்கான கூட்டாட்சி அலுவலகம். அதாவது ராணுவம் அல்லாத துறை. இந்தப் பிரிப்பு மிக முக்கியம். நிராகரித்தால் ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம், அதற்குப் பிறகு நிர்வாக நீதிமன்றம்.

கட்டாயச் சேவை 2011 ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டது. மறுக்கும் உரிமை நிறுத்தப்படவில்லை. 2026 முதல் 2008-இலும் பிறகும் பிறந்த ஆண்கள் ராணுவத்தின் வினாப்படிவத்தை நிரப்பியாக வேண்டும். எனவே இது மறுபடி நடப்புக் கேள்வி.

விண்ணப்பம் எங்கே சறுக்கும் என்று கேட்டீர்கள். மூன்றாவது உறுப்பில்தான். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை அப்படியே எடுத்தால் அது உங்கள் வாழ்க்கைக் குறிப்போடு ஒட்டாது. அரசின் வெளியுறவுக் கொள்கையைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினால் அது அரசியல் கருத்து, மனசாட்சி அல்ல. "போர் கொடியது" என்பது எல்லோரும் சொல்வது. நான் கொன்றால் எனக்குள் என்ன உடையும், அந்த உணர்வு எந்த வயதில் எதனால் வந்தது, அதற்குப் பிறகு நடத்தையில் என்ன மாறியது என்ற தொடர்ச்சி வேண்டும். கோயிலோ தேவாலயமோ தரும் சான்றின் இடத்தை இந்தத் தொடர்ச்சிதான் நிரப்புகிறது.

நெய்தல்மணல்:

கொன்றை சொன்ன அந்தத் தொடர்ச்சிக்குள் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதைப் பார்க்கத் தென்கொரியாவுக்கு வரவேண்டும்.

அங்கே பல பத்தாண்டுகளாக மறுத்தவர்களுக்கு ஒரே முடிவு, பொதுவாக 18 மாதச் சிறை. பெரும்பாலோர் ஆயுதம் ஏந்த மறுக்கும் கிறிஸ்தவக் குழுவான யெகோவாவின் சாட்சிகள். 2018 ஜூனில் அரசமைப்பு நீதிமன்றம், படைக்குப் பதிலான மாற்றுச் சேவை இல்லாத சட்டம் செல்லாது என்றது. நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஆழமான, உறுதியான, உண்மையான நம்பிக்கை இருந்தால் மறுப்பு குற்றமல்ல என்றது. அதை எப்படி அறிவது? குடும்பம், வளர்ப்பு, பள்ளி, சமூக வாழ்க்கை முழுவதையும் பார்த்து.

முழு வாழ்க்கை என்றதும் அரசு வழக்கறிஞர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? 2019-இல் மறுப்பாளர்கள் துப்பாக்கிச் சூடு கணினி விளையாட்டுகளில் கணக்கு வைத்திருக்கிறார்களா என்று தேடினார்கள். திரையில் சுட்டவன் களத்திலும் சுடுவான் என்பது அவர்கள் கணக்கு.

2021 பிப்ரவரியில் மதம் சாராத காரணத்தால் ரிசர்வ் பயிற்சியை (படைச்சேவை முடித்தவர்களுக்கான பயிற்சி) மறுத்தவருக்கு உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்தது. தந்தையின் வன்முறையைப் பார்த்து வளர்ந்தது, போரில் பொதுமக்கள் சுடப்படும் காணொளியைக் கண்டது என்று அவர் தன் வாழ்க்கையைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் விலையைக் கவனியுங்கள்: சபை உறுப்பினருக்காகச் சபை பேசும், வீட்டுக் காயம் வரை தோண்ட வேண்டியதில்லை. மதம் விலகும்போது அரசுக்கும் தனிமனிதனுக்கும் நடுவே நின்ற அந்த மூன்றாமவர் போய்விடுகிறார். உள்ளத்தைச் சோதிக்கும் அதிகாரம் நேரடியாக அரசின் கைக்கு வருகிறது. மதத்தின் பிடி தளர்ந்தால் மனசாட்சி தானாகச் சுதந்திரமாகிவிடும் என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது.

ஏற்கப்பட்டாலும் 36 மாதம் சிறைச்சாலை வளாகத்தில் தங்கி வேலை. படையில் 18 மாதம்தான். 2024-இல் அரசமைப்பு நீதிமன்றம் இந்தக் கால அளவையும் செல்லும் என்றது.

வேம்படி:

மிக்க நன்றி. நெய்தல்மணல் சொன்னது நான் நினைத்ததற்கு நேர் எதிர். ஒரு துணைக்கேள்வி: எல்லாப் போரையும் அல்ல, இந்த ஒரு போர் அநியாயம் என்று மட்டும் மறுத்தால்?

படிக்கட்டு:

அமெரிக்காவில் முடியாது. 1971 ஜில்லட் வழக்கில் 8-க்கு 1 என்று தீர்ந்தது. எந்த வடிவிலும் போரை மறுப்பவருக்கே விலக்கு. அந்த வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்டவர் ஒரு கத்தோலிக்கர். நியாயமான போர், அநியாயமான போர் என்று பிரிப்பது அவர் சமய மரபு. பலன் இல்லை. அரசு பயப்படுவது கடவுள் மறுப்பைப் பார்த்தல்ல, தன் ஒவ்வொரு போரையும் எடைபோடும் குடிமகனைப் பார்த்துத்தான்.

கொன்றை:

ஜெர்மனியிலும் பிரிவு 4(3) அதற்கு உதவாது, 1960 தீர்ப்பே அப்படித்தான். ஆனால் பக்கத்து உட்பிரிவில் வழி உண்டு. ஈராக் போருக்குத் துணைபோகும் என்று கருதி ஒரு மென்பொருள் திட்டத்தில் வேலை செய்ய ஒரு ராணுவ மேஜர் மறுத்தார். கீழ்நிலை ராணுவ நீதிமன்றம் பதவி இறக்கியது. 2005 ஜூனில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், பிரிவு 4(1)-இன் பொதுவான மனசாட்சிச் சுதந்திரம் சீருடை போட்டவருக்கும் உண்டு என்று சொல்லி அவரை விடுவித்தது. அவர் படையை விட்டு விலகக் கேட்கவில்லை, அந்த ஒரு ஆணையை மட்டும் மறுத்தார். அப்படி மறுப்பவர் 4(3)-க்கு விண்ணப்பிப்பது தவறான கதவைத் தட்டுவது. ஆணை எது, அதை நிறைவேற்றினால் எதற்குத் துணைபோவோம் என்பதை எழுத்தில் மேலதிகாரியிடம் கொடுத்து 4(1)-இல் நிற்க வேண்டும்.