'எலிஜிபிலிட்டி'க்குத் தகுதி வேண்டாம்: 'உரிமைநிலை' எப்படி?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கலிபோர்னியாவில் உள்ள தமிழ்ப் பெற்றோருக்கான சிறப்புக் கல்விக் கையேட்டில் 'எலிஜிபிலிட்டி'க்கு, அதாவது ஒரு பிள்ளை சிறப்புக் கல்வி பெறும் நிலையில் இருக்கிறதா என்பதற்கு, என்ன தமிழ்ச் சொல் போடுவது என்று நம் குழுமத்தில் இழை நீண்டுகொண்டே போகிறது. "தகுதி என்ற நல்ல சொல் இருக்க வேறு எதற்கு?" என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். வங்கிக் கடனுக்கும் வேலைக்கும் தகுதி சரிதான். இங்கே அது இடிக்கிறது.

பள்ளியில் நடப்பதைப் பாருங்கள். மதிப்பீடு முடிந்ததும் பெற்றோரும் இருக்கும் குழு இரண்டு கேள்விக்கு விடை தேடுகிறது. ஐ.டி.இ.ஏ. என்னும் அமெரிக்க மத்தியச் சட்டம் சொல்லும் 13 வகைக் குறைபாடுகளில் ஒன்றாவது பிள்ளைக்கு இருக்கிறதா? அதனால் சிறப்புக் கல்வி தேவைப்படுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், கட்டணமில்லாமல் அந்தப் பிள்ளைக்குப் பொருத்தமான கல்வியைத் தருவது பள்ளி மாவட்டத்தின் கடமை. பிள்ளை இதில் எதையும் ஜெயித்துக் காட்டவில்லை. "உங்கள் மகளுக்குத் தகுதி இல்லை" என்று ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள். இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தாலே 'தகுதி, திறமை' என்று கிளம்புவதைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. அந்தச் சொல்லில் பழைய கறை இருக்கிறது.

இன்னொரு சிக்கல், ஊரிலிருந்து கூடவே வரும் சான்றிதழ்ப் பழக்கம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று வாங்கினால்தான் பல உதவிகளுக்கு வழி பிறக்கும். கலிபோர்னியாவில் இந்தச் சதவீதக் கணக்கே கிடையாது. மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தாலும், அது படிப்பை எப்படிப் பாதிக்கிறது என்று குழு தனியாகப் பார்க்கும். மருத்துவர் தாள் இல்லாமலே பெற்றோர் மதிப்பீடு கேட்கவும் செய்யலாம். கேட்டால் 15 நாளுக்குள் மதிப்பீட்டுத் திட்டம் கைக்கு வர வேண்டும். கையெழுத்திட்டுக் கொடுத்தபின் 60 நாளுக்குள் கூட்டம், நீண்ட பள்ளி விடுமுறையைக் கழித்து. கையேட்டில் 'தகுதி' என்று போட்டால் நம்மவர்கள் முதலில் மருத்துவமனைக்குத்தான் ஓடுவார்கள். கடிதம் எழுத வேண்டியதோ பள்ளிக்கு.

இதே கலிபோர்னியாவில், வீட்டில் ஸ்பானியம் பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தித் தனி வகுப்பில் உட்கார வைத்தார்கள். 1970இல், டயானா என்ற பிள்ளையின் பெயரால் அறியப்படும் வழக்கில்தான் அதற்கு ஒரு முடிவு வந்தது. அந்தப் பிள்ளைகளும் காகிதத்தில் 'தகுதி' பெற்றவர்களே! இப்போது, ஆங்கிலப் போதாமைதான் முக்கியக் காரணம் என்றால் சிறப்புக் கல்வியில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. தமிழ் வீடுகளில் நான் பார்க்கும் தொல்லை இதற்கு நேர் எதிரானது: "இங்கிலீஷ் வந்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லியே இரண்டு வருடம் ஓட்டிவிடுகிறார்கள். கையேட்டில் இதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இலங்கை நண்பர் 'உரித்துடைமை' என்றார். பொருள் கச்சிதம், அங்கே அரசுப் படிவங்களில் பழகிய வேர். ஆனால் தமிழ்நாட்டுக் காதில் 'உரித்து' என்றதும் வாழைப்பழம் வந்து நிற்கிறது, என்ன செய்ய? 'தகவு' என்ற யோசனை தகுதியையே கொல்லைப்புறமாகக் கூட்டி வருகிறது.

என் பரிந்துரை 'உரிமைநிலை'. பிள்ளை 'சிறப்புக் கல்விக்கு உரியவர்', கூட்டம் 'உரிமைநிலைக் கூட்டம்'. உரிமை வேறு, எலிஜிபிலிட்டி வேறு என்பீர்கள். ஆமாம், அந்த உரிமை செல்லுபடியாகும் நிலை என்பதற்காகத்தான் 'நிலை'. முதன்முறை பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் சேவையைத் தொடங்க முடியாது. வேண்டாம் என்று சொல்லும் இடம் உரிமையில் உண்டு. மறுப்புக் கடிதத்திலும் "உரிமைநிலை அமையவில்லை" என்பது பிள்ளையைக் குறை சொல்லாது. அந்த இடத்தில் 1973ஆம் ஆண்டு அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவுத் திட்டம் (குறைபாடுள்ள பிள்ளைக்குப் பள்ளி செய்து தரும் வசதிகள்) பற்றி ஒரு வரி சேர்த்துவிடலாம்; சிறப்புக் கல்வி அமையாத பிள்ளைக்கும் அது கிடைக்கக்கூடும்.

கலிபோர்னியாச் சட்டத்தின் 'எக்செப்ஷனல் நீட்ஸ்' என்ற தொடருக்கு 'விதிவிலக்கான தேவைகள்' வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் புழங்கும் 'சிறப்புத் தேவை' போதும். புளோரிடா நண்பர்கள் மட்டும் கவனிக்கவும்: உங்கள் மாநிலத்தில் 'எக்செப்ஷனல்' மாணவர் என்றால் மீத்திறன் பிள்ளைகளும் அடக்கம். உங்கள் கையேட்டுக்கு வேறு சொல் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஐ.இ.பி.க்கு, அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதும் தனிக் கல்வித் திட்டத்துக்கு, தமிழ் தேடுவதை விட்டுவிடலாம். பெற்றோர் எல்லோரும் ஐ.இ.பி. என்றுதான் சொல்கிறார்கள், கூட்டத்திலும் அதைத்தான் கேட்கப் போகிறார்கள்.

'உரிமைநிலை'க்கு மறுப்பு இருந்தால், கையேட்டின் ஏதாவது ஒரு வாக்கியத்தில் உங்கள் சொல்லைப் பொருத்தி எழுதி அனுப்புங்கள். வெறும் சொல்லாக வேண்டாம்.