வெளிநாட்டுக் கொள்கையைப் பார்த்து வாக்குப் போடலாமா?

உப்புவெளிப் பெடியன்:
ஜனாதிபதித் தேர்தலில் முதல் தடவை வாக்குப் போடப் போகிறேன். வீட்டில் எல்லாரும் சாமான் விலையைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள், ஆனால் இந்தியா, சீனா, யுத்தம் பற்றி வேட்பாளர் சொல்வதையும் பார்க்க வேண்டாமா? எதை வைத்து நிறுப்பது?

சீனன்குடா அண்ணை:
தம்பி, கட்டாயம் பார். அரசியலமைப்பின் 33ஆம் பிரிவுப்படி போரும் சமாதானமும் பிரகடனம் செய்வது ஜனாதிபதிதான். நம் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளையே எடு, 99 தாங்கி. 2022 ஜனவரி உடன்படிக்கையில் 14 இந்தியக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, 24 நம் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. மேடையில் 'ஒன்றையும் விடமாட்டேன்' என்பவரிடம் அந்த 61ஐ என்ன செய்வீர்கள் என்று கேட்டுப்பார், தொண்டையைச் செருமுவார்.

நிலாவெளி அக்கா:
அண்ணை சொன்னது சரி, ஆனால் காசையும் கேளுங்கள். 2024 ஜனவரியில், யேமனின் ஹூதிப் படை கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த செங்கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்பப் போவதாக அப்போதைய ஜனாதிபதி ரணில் அறிவித்தார், இரண்டு கிழமைக்கு 25 கோடி ரூபாய் செலவு என்றும் சொன்னார், அதுவும் நாடு வங்குரோத்தாகி இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில். எங்கள் அம்மம்மா 1942 ஏப்ரல் 9 ஜப்பான் இங்கே குண்டு போட்ட கதையைச் சொல்லும்போதெல்லாம் கையிலிருக்கும் வெற்றிலையை மடிக்காமலே வைத்திருப்பார். துறைமுகம் இருக்கும் ஊருக்கு அடுத்தவன் சண்டையும் வரும்.

உப்புவெளிப் பெடியன்:
சரி அக்கா. அடுத்த கூட்டத்தில் 61ஐப் பற்றிக் கேட்கிறேன், மைக்கைத் தந்தால்.