அந்த ஆறாயிரம் வாடகை

செல்லூர்க்காரன்:
திருநகர் டீச்சர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பிள்ளையோடு இருக்கிறவளைக் கட்டினால் பிள்ளையின் காலேஜ் பீஸையும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும், மாட்டேன் என்றால் கோர்ட்டில் நிறுத்தலாம்" என்கிறார். எந்தச் சட்டத்தில்? 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம், 20ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். தன் பிள்ளைகள், வயதான தாய் தகப்பன். மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளை என்று ஒரு சொல் இல்லை.

திருநகர் டீச்சர்:
சட்டம் கிடக்கட்டும். நான் சொன்னது எங்கள் தெருப் பெண்ணைப் பற்றி. செத்துப்போன அப்பா வில்லாபுரத்தில் கட்டிய வீடு, மாத வாடகை 6,000. நாலு வருஷமாக அது அவள் அம்மாவை மறுமணம் செய்த சித்தப்பா கைக்குத்தான் போகிறது. பொறியியலில் இடம் கிடைத்ததும் "உன் பிள்ளை, உன் பாடு" என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். வாடகை மட்டும் இனிக்கிறதோ?

செல்லூர்க்காரன்:
நாலு வருஷம் அந்தப் பிள்ளை காற்றையா குடித்தது? அரிசி பருப்பு யார் வாங்கினது? ஆறாயிரத்தில் இன்றைக்கு ஒரு வீடு நடக்குமா?

திருநகர் டீச்சர்:
ஆறாயிரம், நாற்பத்தெட்டு மாதம். 2,88,000 ரூபாய். எனக்குக் கணக்கு வரும்.

வக்கீல் குமாஸ்தா:
உயில் இல்லை என்றால் அந்த வீடு மனைவி, மகள், இறந்தவரின் தாயார் மூவருக்கும் சமபங்கு. மறுமணம் செய்ததால் மனைவி பங்கு போகாது. பாட்டி இருந்தால் பெண்ணுக்கு மாதம் 2,000. சித்தப்பாவுக்குச் சைபர்.

செல்லூர்க்காரன்:
பார்த்தீர்களா, இரண்டாயிரம்தான்! டீச்சர் என்னவோ ஆறாயிரம் ஆறாயிரம் என்று குதித்தார்.

திருநகர் டீச்சர்:
சைபர் என்ற சொல் உங்கள் கண்ணில் படவில்லையா?

உசிலம்பட்டி மாமன்:
அதெல்லாம் சரி, தாய்மாமன் எங்கே போனான்? எங்கள் பக்கம் என்றால் இல்ல விழா என்று போஸ்டர் ஒட்டி, கிடா வெட்டி, மொய்யிலேயே பீஸைக் கட்டியிருப்போம்.

செல்லூர்க்காரன்:
மொய் என்ன தானமா? திருப்பிச் செய்ய வேண்டிய கடன். ஏற்கெனவே ஒரு தடவை இதே கதையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள்.

உசிலம்பட்டி மாமன்:
தம்பி, என் மொய் நோட்டில் உங்கள் பெயர் இல்லை. செய்யாதவர் பேசக் கூடாது.

வக்கீல் குமாஸ்தா:
கல்விக்கடனுக்கு நாலு லட்சம் வரை அடமானம் தேவையில்லை, கூட்டுக் கையெழுத்தை அம்மாவே போடலாம். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 உண்டு.

செல்லூர்க்காரன்:
அந்த ஆயிரத்தையும் சித்தப்பன் தின்றான் என்று டீச்சர் எழுதுவார் பாருங்கள்.

திருநகர் டீச்சர்:
எழுத மாட்டேன். அது பெண்ணின் கணக்குக்கே போய்விடும். தின்றது ஆறாயிரம்.

செல்லூர்க்காரன்:
சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். என் வீட்டிலும் ஒரு பையன் ஏழு வயதில் அம்மாவோடு வந்தான். பாலிடெக்னிக் மூன்று வருஷமும் நான்தான் கட்டினேன். எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. போன வைகாசியில் அவன் கல்யாணப் பத்திரிகையில் மறைந்த தகப்பன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. என் பெயர் "தங்கள் நல்வரவை விரும்பும்" வரிசையில், பெரியப்பா மகனுக்குக் கீழே. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவன் நான். மாற்றாந்தாய் என்று திட்டுவதற்காவது ஒரு சொல் வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு என்ன இருக்கிறது? இதையெல்லாம் எந்த டீச்சரும் எழுத மாட்டார்.

திருநகர் டீச்சர்:
கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதற்காக வில்லாபுரத்து வாடகை இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் பையனுக்கும் அப்பா வீடு ஏதாவது இருந்ததா?

செல்லூர்க்காரன்:
சமயநல்லூரில் ஓர் ஓட்டு வீடு. அது வேறு கதை.

உசிலம்பட்டி மாமன்:
வாடகை வந்ததா தம்பி?

செல்லூர்க்காரன்:
1,800. ஓடு மாற்றவே பத்தாது. அதை விடுங்கள், முதலில் அந்த ஆறாயிரத்துக்கு அரிசி விலை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.